இஷ் சோம்பேறியா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்திருந்த 'எர்த் அபைட்ஸ்' நாவலை முடித்துவிட்டேன். எரிச்சல்தான் மிஞ்சியது. கொள்ளைநோயில் உலகமே செத்துப்போகிறது. பிழைத்த இஷ் படித்தவன். பெர்க்லி பல்கலைக்கழக நூலகம் அப்படியே அவன் கைக்குக் கிடைக்கிறது. இருபது வருடம் கழித்தும் அவனும் அவன் கூட்டமும் டப்பா உணவைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பட்டறை உண்டா, ஒரு பள்ளிக்கூடம் உருப்பட்டதா? நடுநடுவே எறும்பு, எலி என்று சாய்வெழுத்தில் பாடம் வேறு. இதை எப்படி கிளாசிக் என்கிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் எரிச்சல் இஷ்ஷுக்கும் உண்டு. நாவலில் பாதி அதுதான்.

1949-ல் இது வெளிவந்தபோது ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட் பெர்க்லியில் ஆங்கிலப் பேராசிரியர். தான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தையே யாருக்கும் பயன்படாமல் நிறுத்திவைக்கிறார். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். நூலகம் புனிதம் என்று இஷ் சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் அதைத் தொடக்கூடாத இடமாகவே நினைத்துவிடுகிறார்கள்.

அவர்கள் ஏன் எதையும் செய்யவில்லை? செய்யவேண்டிய தேவையே வரவில்லை. கடைகளில் டப்பாக்கள் குவிந்து கிடக்கின்றன, வெளியே மாடுகள் மேய்கின்றன, குழாயைத் திறந்தால் தண்ணீர். ஒருநாள் அந்தத் தண்ணீர் நிற்கிறது. அது எங்கிருந்து வருகிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று அத்தனை வருடமும் ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை, இஷ் உட்பட. அப்புறம்தான் கிணறு வெட்டுகிறார்கள். செத்துப்போன நாகரிகம் விட்டுச்சென்ற சொத்து தீராதவரை வாரிசுகள் கை அசைக்கமாட்டார்கள். ஸ்டூவர்ட்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சரி, நூலகம்? டைனமோ செய்வது எப்படி என்று புத்தகம் சொல்லும். அதற்கான செப்புக் கம்பியை இழுக்க ஒருவர், அவருக்குத் தாது வெட்டித்தர ஒருவர், இவர்கள் எல்லோருக்கும் சோறு போட வேறு சிலர் வேண்டுமே? இருப்பது சில பத்துப் பேர். அவர்களில் தானாக ஆர்வப்பட்டுப் படிக்கிறவன் ஜோயி என்ற ஒரே ஒரு சிறுவன். இஷ் தன் நம்பிக்கை முழுவதையும் அவன்மேல் வைக்கிறான். டைபாய்டு வருகிறது, ஜோயி போய்விடுகிறான். வில்லனோ போரோ தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு இஷ் செய்வதை நீங்கள் கவனிக்காமல் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பள்ளியை மூடிவிட்டு உட்கார்ந்து ஒரு வில் செய்கிறான். தோட்டா ஒருநாள் தீரும், வெடிமருந்து கெட்டுப்போகும் என்றெல்லாம் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. விளையாட்டுச் சாமானாக அதைக் காட்டுகிறான், அவ்வளவுதான். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தாங்களும் செய்யத் தொடங்குகிறார்கள். அவன் கிழவனாகும்போது அவன் சந்ததி பழைய நாணயங்களைத் தட்டி அம்புமுனை செய்து வேட்டையாடுகிறது. காசுக்கு அப்படியொரு உபயோகம்! பல வருடப் பாடம் செய்யாததை ஒரு பொம்மை செய்துவிட்டது. இந்த இடத்துக்காகவே நான் இதை கிளாசிக் என்பேன்.

சாய்வெழுத்துப் பகுதிகளுக்கு வருகிறேன். மனிதன் போனபின் நாய்க்கு, ஆட்டுக்கு, கோதுமைக்கு என்ன ஆகிறது என்பதுதான் பெரிய கதை, இஷ் அதற்குச் சாட்சி. பிடிக்கவில்லை என்றால் ஸ்டூவர்ட்டின் 'ஸ்டார்ம்' பக்கம் போகாதீர்கள். 1941-ல் வந்த அந்த நாவலில் கதாநாயகியே மரியா என்ற புயல்தான்.

எனக்குக் குறை வேறு இடத்தில். இஷ்ஷின் மனைவி எம்மின் உடலில் கறுப்பின ரத்தம் இருப்பது தெரியவரும்போது இஷ் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறான். கதை நடக்கும் கலிபோர்னியாவில் இனம் கடந்த திருமணத்துக்கு இருந்த தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1948-ல்தான் நீக்கியது என்பதை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதே நாவல் மனிதர்களைப் புத்திக்கூர்மையை வைத்துத் தரம் பிரிக்கிறது. தச்சன் ஜார்ஜைப் பற்றி இஷ் நினைப்பதை எல்லாம் மறுபடி வாசித்துப் பாருங்கள். மனவளர்ச்சி குன்றிய இவியோ கிட்டத்தட்ட ஒரு பிரச்சினையாக மட்டுமே வருகிறாள். வெளியிலிருந்து வந்த சார்லி அவள்மேல் கண் வைக்கிறான். பெரியவர்கள் கூடி வாக்குப் போட்டு அவனைத் தூக்கிலிடுகிறார்கள். இவியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, ஸ்டூவர்ட்டும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்திலும் அவள் இல்லை. அவளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.