பாத்டப்பின் பக்கவாட்டுப் பேனலைக் கோணல் தெரியாமல் பொருத்துவது எப்படி?

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கி, பாத்ரூமைப் புதுப்பிக்கிறீர்கள். பேனலின் ஒரு முனை டப்பின் விளிம்புக்கு அடியில் போகிறது, மறுமுனை போக மறுக்கிறது, பேனல் கோணலா என்று கேட்டிருக்கிறீர்கள். பேனல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தரைதான் சரிந்திருக்கிறது. விக்டோரியா காலத்து வீடுகளில் மரத்தரை ஒரு பக்கம் இறங்கியிருப்பது சாதாரணம். அதற்காக டப்பைச் சாய்த்துவிடாதீர்கள். டப் ரசமட்டத்தில் நிற்க வேண்டும். பேனலின் அடிப்பக்கம்தான் தரைக்கு ஏற்ப வளைந்து கொடுக்க வேண்டும்.

அளவெடுப்பதற்கு முன்னால் டப்பில் தண்ணீர் நிரப்புங்கள். 1700க்கு 700 மில்லிமீட்டர் அக்ரிலிக் டப் நிறைந்தால் நூறு கிலோவுக்கு மேல் எடை. மரத்தரை கொஞ்சம் அமுங்கும். சுவரோரம் தண்ணீர் புகாமல் அடைக்கும் சிலிக்கானையும் அந்த நிலையில் பூசினால்தான் பிறகு பிளக்காது.

அடுத்தது, கடையில் யாரும் சொல்லித்தராத வேலை: பேனலுக்குப் பின்னால் தரையில் ஒரு ரீப்பர் கட்டை. டப் விளிம்பின் உட்பக்கத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, இரண்டு முனையிலும் தரையில் குறியிட்டுக் கோடு போடுங்கள். பேனலின் முகம் வந்து நிற்கும் இடம் அது. அங்கிருந்து பேனலின் தடிமன் அளவு உள்ளே தள்ளிக் கட்டையைப் பொருத்துங்கள். கட்டை முன்னால் வந்துவிட்டால் பேனல் வெளியே துருத்தி, கால் விரல் இடிக்கும். தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஓடலாம், ஆகவே சின்ன ஸ்க்ரூ போதும். டைல்ஸ் தரையென்றால் பசையால் ஒட்டிவிடுங்கள்.

இப்போது வெட்டுவது. பேனலை டப்புக்கு முன்னால் நிறுத்தி, அடியில் ஆப்பு செருகி, மேல்விளிம்பை ரசமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அது உரிய இடத்தில் உட்கார எவ்வளவு கீழே இறங்க வேண்டும்? 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, தரையோடு உரசியபடி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுங்கள். பென்சில் முனை மரத்துண்டின் மேல்மட்டத்திலேயே படுமாறு சீவிக்கொள்ளுங்கள். தரையின் மேடு பள்ளம் அத்தனையும் கோடாகப் பேனலில் விழும். முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போட்டால் வெட்டும்போது சிராய் பெயராது. சன்னப் பல் பிளேடு போட்ட ஜிக்சாவில் (கையில் பிடித்து வெட்டும் மின்ரம்பம்), கோட்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் வெளியே வெட்டி, மீதியை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். நிதானம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். பேனலோடு தனியாக அடிப்பலகை வந்திருந்தால் அதை மட்டும் இப்படி வெட்டினால் போதும்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பேனல் என்றால், வெட்டிய விளிம்புக்கு எண்ணெய் வார்னிஷ் இரண்டு பூச்சு கட்டாயம். தண்ணீர் ஊறி உப்பிவிட்டால் அப்புறம் பேனலையே மாற்ற வேண்டியதுதான். அக்ரிலிக்குக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் நடுவில் தொளதொளக்கும். பின்னால் நிமிர்த்தி ஒரு கட்டை கொடுங்கள். ஸ்க்ரூ துளையையும் ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், இல்லையென்றால் விரிசல் விடும்.

சிலர் அழகுக்காகப் பேனலைச் சுற்றிலும் ஒட்டிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கழிவுநீர் டிராப் (நாற்றம் மேலே வராமல் தடுக்கும் வளைகுழாய்), குழாய் இணைப்புகள், வால்வு எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. ஒரு இணைப்பு சொட்டினால் பேனலை உடைத்துத்தான் பார்க்க வேண்டிவரும். கீழ்க் கட்டையில் இரண்டு மூலையிலும் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டுவதற்கான, மூடி போட்ட ஸ்க்ரூ போட்டால் போதும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மேல்விளிம்பில் சிலிக்கான் வைக்காதீர்கள். தரையோரம் மட்டும் மெல்லிய கோடாக இழுங்கள். கழற்ற வேண்டிய நாளில் கத்தியால் கீறினால் வந்துவிடும்.