தழும்பான இதயத்தில் தசை மீண்டும் வளருமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தின் ஒரு பகுதி தழும்பாகி அசையாமல் இருப்பதாகச் சொன்னார். கல்லீரலை வெட்டிக் கொடுத்தாலும் வளர்ந்துவிடுகிறதாமே, இதயம் மட்டும் ஏன் வளர்வதில்லை?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இதயத் தசையின் உயிரணுக்கள் (செல்கள்), குழந்தை பிறந்த சில காலத்திலேயே பிரிந்து பெருகும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. இதை அளந்து காட்டிய விதமே வியப்புக்குரியது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் பெருகி, 1963ஆம் ஆண்டின் தடை ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாகக் குறைந்து வந்தது. ஓர் உயிரணு எந்த ஆண்டில் பிறந்ததோ அந்த ஆண்டுக் காற்றின் அடையாளம் அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் இந்த அடையாளத்தைக் கொண்டு இதய அணுக்களின் வயதைக் கணித்து, 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கும், 75 வயதில் அரைப் பங்குக்கும் குறைவாகவுமே அவை புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009இல் வெளியிட்டார்கள். பெரிய மாரடைப்பு ஒன்றில் ஏறத்தாழ 100 கோடி தசை அணுக்கள் மடியக்கூடும் என்பதால், இந்த வேகத்தில் அந்த இழப்பு ஈடாவதில்லை.

தழும்பைப் பகையாக எண்ண வேண்டாம். கை எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டு ஓய்வு கொடுக்கலாம். இதயம் ஒரு நிமிடமும் ஓய முடியாது. மடிந்த இடம் அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடாதபடி உடல் அவசரமாகப் போடும் ஒட்டுதான் அந்தத் தழும்பு. அதே சமயம், வளரும் திறன் உயிரினங்களிடம் அறவே இல்லாததும் அன்று. நம் நாட்டு ஓடைகளிலும் வயல்நீரிலும் வாழும் சிறிய வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் சுமார் இரண்டு மாதங்களில் அது வளர்ந்துவிடுகிறது என்று 2002இல் கண்டார்கள். பிறந்து ஒரு நாளான எலிக்குஞ்சிடமும் அத்திறன் உண்டு; ஏழாம் நாளுக்குள் அது மறைந்துவிடுகிறது. நமக்குள் அது எப்படி அணைகிறது என்பதைத்தான் பல ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: என் தந்தைக்கு பைபாஸ் செய்தபோது காலிலிருந்து நாளத்தை எடுத்தார்கள். இதயத்தைவிடக் காலில் இருந்த காயம்தான் அவரை அதிக நாள் வருத்தியது. செயற்கைக் குழாய் வைக்கக் கூடாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வயிற்றுப் பெருந்தமனி போன்ற அகன்ற குழாய்களுக்கு டாக்ரான் என்னும் பாலியெஸ்டர் துணியால் ஆன குழாய்கள் பல பத்தாண்டுகளாக நன்றாகவே உழைக்கின்றன. விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கதை மாறுகிறது. இதயத் தமனிகளோ பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். இயற்கையான நாளத்தின் உட்புறத்தில் ஓரணுத் தடிமனுள்ள படலம் ஒன்று இருக்கிறது. அது வெறும் பூச்சு அன்று, நைட்ரிக் ஆக்சைடு முதலான பொருள்களைச் சுரந்து, இரத்தம் உறையாதபடி இடைவிடாமல் காவல் காக்கும் உயிருள்ள உறுப்பு. பிளாஸ்டிக்குக்கு அந்தக் காவல் இல்லாததால் குறுகிய குழாய் விரைவில் அடைத்துக்கொள்கிறது. காலின் சிரைக்கு அந்தப் படலம் உண்டு என்றாலும், தமனியின் அழுத்தத்துக்குப் பழகாத அதன் சுவர் தடித்து, பத்து ஆண்டுகளில் சுமார் பாதி ஒட்டுகள் அடைபட்டோ குறுகியோ போகின்றன. மார்பின் உட்தமனி இதைவிட மிக நன்றாக நீடிக்கும் என்பதால்தான் முடிந்த இடங்களில் அதை முதலில் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே, நாளத்தையே வளர்க்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்க ஆய்வாளர் லாரா நிக்லசன் 1999இல் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரம்போல, தானே கரைந்துபோகும் வலைக்குழாய் ஒன்றில் தசை அணுக்களை விதைத்து, இதயம் துடிப்பதைப்போல விட்டுவிட்டு அழுத்தம் கொடுத்து, சில வாரங்கள் வளர்க்கிறார்கள். அந்தத் துடிப்பு இல்லாவிட்டால் அணுக்கள் சோம்பி, வலுவற்ற குழாயே உருவாகும்; துடிப்பை உணர்ந்தால் கொலாஜன் என்னும் புரதத்தைச் சுரந்து சுவரை வலுவாக்குகின்றன. பின்னாளில் இதனோடு மற்றொரு படி சேர்ந்தது: வளர்ந்த குழாயிலிருந்து அணுக்களைக் கழுவி நீக்கிவிட்டு, புரதச் சுவரை மட்டும் விட்டுவைப்பது. அந்நிய அணுக்கள் இல்லாததால் யாருடைய உடலும் அதை எளிதில் ஒதுக்காது. முன்கூட்டியே செய்து இருப்பு வைக்கலாம். பொருத்திய பிறகு நோயாளியின் சொந்த அணுக்களே மெல்ல மெல்ல அதில் குடியேறுகின்றன.

6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அத்தகைய நாளம் உக்ரைன் போரில் காயமுற்றவர்களுக்கும் பொருத்தப்பட்டது. கை, கால் தமனிகள் சிதைந்து, சொந்தச் சிரையைப் பயன்படுத்த முடியாத நிலையில் உள்ளவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. குழாய் கிழிந்துபோகும் ஆபத்து குறித்த கடுமையான எச்சரிக்கையும் அந்த ஒப்புதலோடு சேர்ந்தே இருக்கிறது. இதய பைபாஸுக்கான ஒப்புதல் அன்று அது.

கேள்வி: இஸ்ரேலில் இதயத்தையே அச்சடித்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் இதய மாற்று அறுவைக்காக யாரும் காத்திருக்க வேண்டாமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: 2019இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் டால் டிவிர் குழுவினர் மனிதக் கொழுப்புத் திசுவிலிருந்து அணுக்களை எடுத்து, அவற்றைப் பல வகை அணுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களாகவும் பின்னர் இதய அணுக்களாகவும் மாற்றி, முப்பரிமாண அச்சுப்பொறியால் சிறியதோர் இதயத்தை அச்சிட்டது உண்மை. அதன் அளவு முயலின் இதயத்தை ஒத்தது. அதன் அணுக்கள் சுருங்கின, ஆனால் ஒன்றுபட்டு இரத்தத்தைத் தள்ளவில்லை. தடை எங்கே என்றால், இரத்த நுண்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தொலைவுக்குமேல் ஆக்சிஜன் போதிய அளவு ஊடுருவாது. இடது கீழறையின் சுவரோ சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன். நுண்குழாய்கள் இல்லாமல் தடித்த தசையை வளர்த்தால் உட்புறம் மடிந்துவிடும்.

எனவே முழு இதயத்தைவிட, தசை ஒட்டுகளின் மீதே நான் அதிக நம்பிக்கை வைக்கிறேன். ஜெர்மனியின் கோட்டிங்கனில் வோல்ஃப்ராம் சிம்மர்மன் குழுவினர் ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த ஒட்டுகளை 46 வயதுப் பெண் ஒருவரின் தளர்ந்த இதயத்தின் மீது பொருத்தினார்கள். மூன்று மாதங்களுக்குப் பின் அவருக்கு மாற்று இதயம் கிடைத்ததால், எடுக்கப்பட்ட பழைய இதயத்தை ஆராய முடிந்தது: ஒட்டிய தசை உயிரோடு இருந்தது, அதற்குள் இரத்த நாளங்களும் புகுந்திருந்தன. 2025 ஜனவரியில் வெளியான இந்த முடிவு ஒருவரைப் பற்றியதுதான் என்றாலும், மனித உடலுக்குள் நேரில் கண்ட சான்று. பிறர் அணுக்கள் என்பதால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தேவை; அணுக்களை ஊசி மூலம் செலுத்திய குரங்குகளுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: சில லட்சம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போட்டு என் அண்ணனின் பலவீனமான இதயத்தைச் சரிசெய்வதாக ஒரு மையம் சொல்கிறது. நம்பலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: நம்ப வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று நீங்கலாக, ஸ்டெம் செல் சிகிச்சை என்பது அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எலும்பு மஜ்ஜை அணுக்கள் இதயத் தசையாகும் என்று உரைத்த ஓர் ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியே 2018இல் கேட்டுக்கொண்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் உண்டுவரும் மாத்திரைகளை எக்காரணத்தாலும் நிறுத்திவிடாதீர்கள். அந்த மையத்தாரிடம் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தங்கள் ஆய்வுக்கு உள்ள பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.