கேளுங்க சொல்றோம்: டிவியும் தூங்கப் போன காலம்

கேள்வி: 1984-ல பிபிசி ஒன் சேனலோட ஒரு நாள் நிகழ்ச்சி பட்டியலை பழைய பேப்பர்ல பார்த்தேன். காலையில கொஞ்ச நேரம் நிகழ்ச்சி, அப்புறம் "சீஃபேக்ஸ்"னு போட்டு ரொம்ப நேரத்துக்கு வேற ஒண்ணுமே இல்ல. அது என்ன, சீரியலா?

பதில்: சீரியல்லாம் இல்லீங்க, டிவில எழுத்து படிக்கறது. சீஃபேக்ஸ்ங்கறது 1974-ல பிபிசி ஆரம்பிச்ச டெலிடெக்ஸ்ட் சேவை. டிவி சிக்னல்ல படத்துக்குத் தேவைப்படாத சில கோடுகள் சும்மா கெடக்கும் பாருங்க, அதுல நியூஸ், வானிலை, ஸ்கோர் எல்லாத்தையும் எழுத்தா ஏத்தி அனுப்பிட்டாங்க. ரிமோட்ல பக்க நம்பரை அடிச்சுட்டு உக்காரணும், பக்கங்கள்லாம் வரிசையா சுத்திக்கிட்டே இருக்கும், நம்ம பக்கம் வர்ற வரைக்கும் மேல நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும். காது கேக்காதவங்களுக்கு சப்டைட்டில் வேணும்னா 888.

ஆனா டெலிடெக்ஸ்ட் செட்டு வெல ஜாஸ்தி, எல்லார் வீட்லயும் இருக்காது. அதனால நிகழ்ச்சி இல்லாத நேரத்துல பிபிசியே சில பக்கங்களை எடுத்து சாதா டிவிலயும் தெரியற மாதிரி ஒண்ணு ஒண்ணா காட்டும், பின்னாடி மெல்லிசா ஒரு மியூசிக் ஓடும். கறுப்பு பேக்கிரவுண்ட், மஞ்சள், நீல எழுத்து, கட்டம் கட்டமா வரைஞ்ச பிரிட்டன் மேப்பு, அது மேல நாளைக்கு எவ்ளோ டிகிரின்னு. நீங்க பார்த்த பட்டியல்ல இருக்கறது இதுதான்.

கேள்வி: ஏன் அப்படி சும்மா விட்டாங்க? நிகழ்ச்சி போட அரசாங்கம் தடை போட்டிருந்துச்சா?

பதில்: ஒரு காலத்துல ஆமா. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான்னு அரசாங்கம் அளந்து குடுத்துச்சு, அதை 1972-லயே எடுத்துட்டாங்க. 80கள்ல பிரச்சனை காசுதான். பிபிசில விளம்பரம் கெடையாது, டிவி வெச்சிருக்கறதுக்கு வீட்டுக்கு வீடு கட்டற லைசென்ஸ் பணம்தான் வருமானம், அது 1981 கடைசில கலர் டிவிக்கு வருஷத்துக்கு 46 பவுண்டு, 1985 மார்ச்ல 58 ஆக்குனாங்க, கறுப்பு வெள்ளைக்கு 18. எல்லாரும் ஆபீஸ், ஸ்கூல்னு போயிட்ட நேரத்துக்கு எதுக்கு செலவு பண்ணணும்னு விட்டுட்டாங்க. எனக்கு அது சரியான கணக்காத்தான் படுது, இப்ப 24 மணி நேரமும் ஓடுது, அதுல பாதி எதுக்கு ஓடுதுன்னு யாருக்கும் தெரியல.

அந்த ஒரு நாளை பார்த்தீங்கன்னா வீட்ல எப்ப யார் இருக்காங்கங்கறத வெச்சே போட்டிருப்பாங்க. விடிகாலையில பிபிசி டூல ஓப்பன் யுனிவர்சிட்டி (வீட்லேர்ந்தே படிக்கற பல்கலைக்கழகம்) பாடம், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி படிக்கறவங்களுக்கு. 1983 ஜனவரி 17-லேர்ந்து பிபிசி ஒன்ல பிரேக்ஃபாஸ்ட் டைம், சோஃபால உக்காந்து பேசறது, ஸ்வெட்டர் போட்ட ஃபிராங்க் பாஃப், கூட செலினா ஸ்காட், பச்சை டிரெஸ்ல எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்க ஒரு அம்மா, ராசிபலனும் உண்டு (ஆமா, அங்கயும்தான்). அப்புறம் பிபிசி டூல ஸ்கூல் நிகழ்ச்சி, மத்தியானம் பிபிசி ஒன்ல பர்மிங்ஹாம்லேர்ந்து ஒரு அரட்டை நிகழ்ச்சி, ஸ்கூல் விட்டதும் குழந்தைங்களுக்கு, 6 மணிக்கு நியூஸ், ராத்திரி 9-க்கு மறுபடி நியூஸ். பெரியவங்க சமாச்சாரம் எல்லாம் அந்த 9 மணிக்கு அப்புறம்தான். பகல் முழுக்க தொடர்ச்சியா நிகழ்ச்சின்னு பிபிசி ஒன்ல வந்தது 1986 அக்டோபர் 27-ல, நெய்பர்ஸ்ங்கற ஆஸ்திரேலிய சீரியல் அங்க ஆரம்பிச்சதும் அதே நாள்தான்.

கேள்வி: ஒரு சின்னப் பொண்ணு கரும்பலகையில விளையாடற படம் டிவில அசையாம நிக்குமாமே?

பதில்: டெஸ்ட் கார்டு எஃப், 1967-லேர்ந்து. அதை டிசைன் பண்ண இன்ஜினியரோட மகள்தான் அந்தப் பொண்ணு, பக்கத்துல ஒரு கோமாளி பொம்மை. கடைக்காரங்களும் மெக்கானிக்குங்களும் டிவி செட்டை சரிபார்க்கறதுக்காகப் போட்டது. முகத்து நிறம் சரியா வந்தா கலர் சரின்னு அர்த்தம். அந்தப் பலகையில ஒரு எக்ஸ் இருக்கும் பாருங்க, அது ஸ்கிரீனோட நட்ட நடு, படம் ஒரு பக்கமா தள்ளியிருந்தா அதை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். சீஃபேக்ஸ் வந்தப்புறம் பாவம் அந்தப் பொண்ணுக்கு வேலை கொறைஞ்சு போச்சு.

கேள்வி: அந்தக் காலத்துல ரேடியோ டைம்ஸ்ங்கற நிகழ்ச்சிப் பட்டியல் பத்திரிகை வாங்குனா எல்லா சேனல் விவரமும் இருக்குமா?

பதில்: இருக்காது. அதுல பிபிசி மட்டும்தான், ஐடிவிங்கற தனியார் சேனல் பார்க்கணும்னா டிவி டைம்ஸ்னு தனியா காசு குடுத்து வாங்கணும். 1991 மார்ச் வரைக்கும் இந்தக் கூத்துதான்.

கேள்வி: குழந்தைங்க நிகழ்ச்சில நியூஸ் கூட வருமா?

பதில்: வரும், நியூஸ்ரவுண்ட், 1972-லேர்ந்து. சும்மா ஒப்புக்குன்னு நெனச்சிடாதீங்க. 1986 ஜனவரி 28 சாயங்காலம் சேலஞ்சர் விண்கலம் வெடிச்சப்ப, வெடிச்சு அரை மணி நேரம் கூட ஆகல, பிரிட்டன் டிவில அதை மொதல்ல சொன்னது இந்தக் குழந்தைங்க நியூஸ்தான், பெரியவங்க நியூஸ் வர்றதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு.

கேள்வி: நம்ம ஆளுங்களுக்கு ஏதாவது போட்டாங்களா?

பதில்: ஞாயித்துக்கிழமை காலையில நயீ ஜிந்தகி நயா ஜீவன்னு ஒண்ணு 1968-ல ஆரம்பிச்சு 80களோட தொடக்கம் வரைக்கும் ஓடுச்சு, ஹிந்தி உருதுல. தமிழுக்கு டிவில ஒண்ணும் பெருசா இல்ல. பிபிசி தமிழோசை லண்டன்லேர்ந்துதான் போச்சு, ஆனா அது ரேடியோ, அதுவும் இந்தியா இலங்கைப் பக்கம் கேக்கறதுக்காக அனுப்புனது. லண்டன்ல இருந்தவங்களுக்கு அதுவும் ஒழுங்கா எடுக்காது.

கேள்வி: ராத்திரி எப்படி முடிப்பாங்க?

பதில்: கடிகாரத்தைக் காட்டி, நாளைக்கு என்ன நிகழ்ச்சி, வானிலை எப்படின்னு சொல்லி, குட்நைட் சொல்லி, ராணிக்கான தேசிய கீதம் போட்டு இருட்டாக்கிடுவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு "டிவியை அணைக்க மறந்துடாதீங்க"ன்னு ஒரு குரல் வரும், அப்புறம் கூய்ங்னு ஒரே சத்தம், செட்டு முன்னாடி தூங்கிட்டவங்க எந்திரிச்சு ஸ்விட்சை அமுக்கட்டும்னு. பிபிசி ஒன்ல இது 1997 நவம்பர் வரைக்கும் இருந்துச்சு, அப்புறம் ராத்திரியெல்லாம் நியூஸ் சேனலையே திருப்பி விட்டுட்டாங்க.

ஆனா எல்லா ராத்திரியும் சீக்கிரமே படுத்துட்டாங்கன்னு நெனைக்காதீங்க. 1985 ஏப்ரல்ல ஷெஃபீல்டுல நடந்த உலக ஸ்னூக்கர் (மேஜை மேல கோலால பந்தடிக்கற ஆட்டம்) ஃபைனல் பன்னெண்டு மணி தாண்டியும் முடியல, பிபிசி டூல 1 கோடியே 85 லட்சம் பேர் முழிச்சிருந்து பார்த்தாங்க. ஸ்டீவ் டேவிஸ் 8-0-ல முன்னாடி போனவரு, கடைசில 17-17, அந்தக் கடைசி ஃபிரேம்லயும் (ஒரு ரவுண்டுக்கு ஃபிரேம்னு பேரு) மிச்சம் கறுப்புப் பந்து ஒண்ணே ஒண்ணு. அதை அடிச்சு டென்னிஸ் டெய்லர் ஜெயிச்சாரு, மேட்ச் முழுக்க அவரு முன்னாடி போனது அந்த ஒரே தடவைதான்.