கேளுங்கள், சொல்கிறேன்: புங்க எண்ணெயும் பயோடீசலும்

(பதில்: ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்)

கே: புங்க எண்ணெயில் பயோடீசல் (டீசலைப் போல் எரியும் தாவர எண்ணெய் எரிபொருள்) செய்தோம் ஐயா. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் ஊற்றிக் கலக்கியதும் எல்லாம் வெண்கூழாகிவிட்டது. எங்கே தப்பு? — பிளஸ் ஒன் மாணவி, அரூர்

நீ செய்தது சோப்பும்மா. எண்ணெய் கடைத் தகரத்தில் எத்தனை மாதம் கிடந்ததோ! பழைய எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். சோடா முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். எண்ணெயில் ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

செக்கில் புதிதாக ஆட்டிய எண்ணெயை வாங்கு. சூடாக்கி, குமிழி அடங்கும்வரை ஈரத்தை விரட்டு. ஆறியதும் 1 மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, நிறம் காட்டும் பினாப்தலின் இரண்டு சொட்டு விடு. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த கரைசலை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடு. இளஞ்சிவப்பு நிறம் பதினைந்து நொடி நிற்க வேண்டும். அதற்கு எத்தனை மி.லி. போனதோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் சோடாவை வழக்கமான 3.5 கிராமோடு கூட்டிக்கொள். ஐந்து மி.லி.யைத் தாண்டினால் அந்த எண்ணெயை விட்டுவிடு. கந்தக அமிலம் வைத்துச் சரிசெய்யும் வழி உண்டு. பள்ளிக்கூடத்தில் அது வேண்டாம்.

கே: அறிவியல் கண்காட்சி நடுவர், "இது பயோடீசல்தான் என்று எப்படி நிரூபிப்பாய்?" என்று கேட்டார். பாட்டிலைக் காட்டினேன், சிரித்தார். — பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்

சிரிக்காமல் என்ன செய்வார்? பொன்னிறத்தில் எதை வேண்டுமானாலும் பாட்டிலில் அடைக்கலாம். தயாரிப்பு பாதி வேலைதான் தம்பி, மீதி சோதனை.

கழுவி உலர்த்திய எரிபொருளில் 3 மி.லி. எடுத்து 27 மி.லி. மெத்தனாலில் விட்டுக் குலுக்கி, சற்று நேரம் வை. தெளிவாகக் கரைந்தால் எண்ணெய் பெரும்பாலும் மாறிவிட்டது. அடியில் துளி தங்கினால் மாறாத எண்ணெய் இன்னும் இருக்கிறது. அடுத்து ஒரே பிப்பெட்டில் டீசல், உன் பயோடீசல், அதைச் செய்த எண்ணெய் மூன்றையும் ஒரே வெப்பநிலையில் இறக்கி, நேரம் குறி. எண்ணெய் மாட்டுவண்டி வேகத்தில் இறங்கும், பயோடீசல் டீசலை நெருங்கி ஓடும். அடர்த்திப் புட்டியில் எடை போட்டால் லிட்டருக்கு 860 முதல் 900 கிராமுக்குள் வர வேண்டும்.

வெப்பம் அளக்கத் திரி விளக்கில் எரித்து 100 மி.லி. நீரைச் சூடாக்கு. எரிந்த எடையையும் ஏறிய வெப்பநிலையையும் குறித்துக்கொள். புத்தகத்தில் கிலோவுக்கு என்று உள்ள 37, 38 மெகாஜூல் உனக்கு வராது. பாதி வெப்பம் காற்றோடு போய்விடும். வந்த எண்ணைத் திருத்தாதே! எவ்வளவு வீணானது, ஏன் வீணானது என்று எழுது. டீசலையும் அதே விளக்கில் எரித்துப் பார். பயோடீசலின் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் ஆக்சிஜன், அதனால் கிலோவுக்கு வெப்பம் சற்றுக் குறையும். அந்த வித்தியாசம் உன் அட்டவணையில் தெரிந்தால் நடுவர் உட்கார்ந்து கேட்பார்.

கே: எட்டாம் வகுப்புப் பையன் மெத்தனால் வாங்கி வந்து சமையலறையில் செய்கிறேன் என்கிறான். விடலாமா? — ஒரு தாய், திருவாரூர்

விடாதீர்கள் அம்மா. 2024-இல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்த அதே மெத்தனால்தான் இது. ஆவியும் கேடு, தோல் வழியாகவும் உள்ளே போகும். எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணில் படாது. பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கண்ணாடியும் கையுறையும் போட்டு, பெரிய வகுப்பில் செய்யட்டும். இப்போதைக்குக் கரும்புச்சாறு, வெல்லநீர், சோற்றுக்கஞ்சி மூன்றையும் தனித்தனிப் பாட்டிலில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு, வாயில் பலூன் மாட்டச் சொல்லுங்கள். எதில் அதிக வாயு வருகிறது என்று பலூன் சுற்றளவை நூலால் அளந்து குறிக்கட்டும். வடித்தல் கிடித்தல் என்று இறங்க வேண்டாம்.

கே: டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் தன் முதல் எஞ்சினையே கடலை எண்ணெயில்தான் ஓட்டினாராமே? — வாசகர், மதுரை

இல்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனத்தின் சிறு டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. டீசலின் சோதனை எஞ்சின் அதற்கு முன்பே, 1897-இல் வெற்றிகரமாக ஓடிவிட்டது.

கே: மீந்த பயோடீசலை அப்பா பைக்கில் ஊற்றட்டுமா? — பத்தாம் வகுப்பு மாணவர், சேலம்

அது பெட்ரோல் வண்டியப்பா, தீப்பொறியில் எரிவது. உன் பயோடீசலுக்குத் தீப்பற்ற 100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். டீசல் பம்ப்செட்டிலும் ஊற்றாதே. பயோடீசல் செய்யும்போது கூடவே உண்டாகும் கிளிசரின் மிச்சமிருந்து, எரிபொருளைப் பீய்ச்சும் இஞ்செக்டரை அடைத்தால் மெக்கானிக் கூலியை அப்பா உன்னிடம்தான் கேட்பார்.