தொடர்கதை எழுதுபவரின் பதற்றம்

கேள்வி: பிரதிலிபி என்னும் கதை வாசிப்புச் செயலியில் தொடர்கதை எழுதி வருகிறேன். அடுத்த அத்தியாயம் எப்போது என்று வாசகர்கள் கேட்டபடியே இருப்பதால், எழுத உட்காரும்போதே படபடப்பு வந்துவிடுகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, வெளியிடும் முறையை மாற்றினால் போதும். 2014இல் தொடங்கிய பிரதிலிபியானாலும், 2006இல் கனடாவில் தோன்றிய வாட்பேட் ஆனாலும், அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு உடனுக்குடன் கருத்துப் பெறும் வசதியைக் கொண்டவை என்பதால், எழுதிய சூட்டோடு பதிவேற்றுபவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வார இதழில் தொடர் எழுதியவர்களுக்கும் கெடு உண்டு. ஆனால் வாசகர் கடிதம் தபாலில் வந்து சேரச் சில நாள்களாவது ஆகும் என்பது, அப்போது யாரும் பெரிதாக எண்ணாத ஒரு சலுகை.

அந்த இடைவெளியை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். பத்து அத்தியாயங்களையாவது எழுதிக் கைவசம் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மட்டுமே வெளிவரும் என்று முதல் அத்தியாயத்திலேயே அறிவித்துவிடுங்கள். கைபேசி அமைப்புகளில் அச்செயலியின் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, விமர்சனங்களை மறுநாள் ஒரே அமர்வில் படியுங்கள். காரணம் சொல்லாமல் ஒற்றை நட்சத்திரம் இட்டுச் செல்பவருக்குப் பதில் தேவையில்லை. "மூன்றாம் அத்தியாயத்தில் அத்தையின் பெயர் மாறிவிட்டதே" என்று கேட்பவருக்கு நன்றி சொல்லி, உடனே திருத்திவிடுங்கள். கையெழுத்துப்படி ஒன்று உங்கள் கணினியிலும் இருக்கட்டும்.