41 மணி நேரமே ஓடிய ஜெட் ஸ்கி

வணக்கம் அண்ணா,

செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெட் ஸ்கி வாங்கலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போது இரண்டு வண்டிகள் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. முதலாவது சீ-டூ, சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் பாகம்) வைத்தது, 16 வருடம் பழையது. ஆனால் மீட்டரில் 41 மணி நேரம்தான் காட்டுகிறது. ஒரே ஓனர், கடலில் ஓட்டியது, பார்க்கப் புதுசு மாதிரியே பளபளக்கிறது. இரண்டாவது யமஹா, 7 வருடம், சூப்பர்சார்ஜர் இல்லை, ஏரியில் மட்டும் ஓட்டியது, 160 மணி நேரம் ஓடியிருக்கிறது. சீட் கிழிந்திருக்கிறது, அடியில் கீறல்கள். சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் வைத்திருக்கிறார். முதல் வண்டிக்காரர், வேறு ஆள் கேட்கிறார், இந்த வாரமே அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார். தண்ணீரில் ஓட்டிப் பார்க்கலாமா என்றால், ட்ரெய்லர் சரியில்லை, குழாயைச் செருகி ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்கிறார். எனக்கும் என் 13 வயது மகனுக்கும்தான் வண்டி. எதை வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவதைப் பாருங்கள். அதுவும் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் மட்டும். முதலாவதற்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்களை இழுப்பது அந்த 41 என்ற எண்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. கார் வாங்கும்போது குறைந்த கிலோமீட்டரைத் தேடிப் பழகியவர்கள் நாம். ஆனால் 16 வருடத்தில் 41 மணி நேரம் என்றால் வருடத்துக்கு இரண்டரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் அது சும்மா கிடந்திருக்கிறது, அதுவும் உப்புத் தண்ணீரில் போய்வந்த உடம்போடு. சும்மா கிடக்கும் வண்டியில் பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், சிலிண்டர் சுவரில் துரு படியும், எலி கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். 160 மணி நேரம் ஓடியது, ஒவ்வொரு சீசனிலும் ஒருவர் ஸ்டார்ட் செய்து, ஆயில் மாற்றி, ரசீதை எடுத்து வைத்த வண்டி. நன்றாகப் பார்த்துக்கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 160 ஒன்றும் பெரிய வயதில்லை, இன்னும் சில நூறு மணி நேரம் தாராளமாக ஓடும்.

அந்த 41 உண்மையா என்பதே தனிக் கேள்வி. டிஸ்ப்ளேயை மாற்றினால் மீட்டர் புதிதாகத் தொடங்க வாய்ப்பிருக்கிறது. இன்ஜினின் கம்ப்யூட்டரிலும் மணி நேரம் பதிவாகும். சர்வீஸ் சென்டரில் அவர்களுடைய சாஃப்ட்வேரைச் செருகிப் பார்த்தால் எத்தனை மணி நேரம் ஓடியது, என்னென்ன ஃபால்ட் வந்தது என்பதெல்லாம் வந்துவிடும். யமஹாவுக்கும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அப்புறம் சூப்பர்சார்ஜர். முதல்முறை வாங்குகிறவருக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. பழைய சீ-டூ மாடல்களில் அதற்குள் இருக்கும் கிளட்சையும் பேரிங்கையும் 100 மணி நேரக் கணக்கில் கழற்றிச் சரிபார்த்து மாற்ற வேண்டும். ஆரம்பகால மாடல்களில் செராமிக் வாஷர்கள் இருந்தன. அவை உடைந்தால் துண்டுகள் ஆயிலோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போய்விடும், அதற்குமேல் இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். பின்னால் உலோக வாஷர்கள் வந்தன. இந்த வண்டியில் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டால், மாற்றியவர் ரசீதோடு சொல்வார். சூப்பர்சார்ஜர் திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேறு இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகளில் வெளித்தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கும். கடல் உப்பு அரித்து அதில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக இன்ஜினுக்குள் போகும். பெட்ரோலும் குறைவில்லை: பெரிய சூப்பர்சார்ஜர் வண்டியை முழு த்ராட்டிலில் (வேகம் கூட்டும் லீவரை முழுசாக அழுத்தி) விட்டால் 70 லிட்டர் டேங்க் ஒரு மணி நேரத்துக்குள் காலி. ஞாயிற்றுக்கிழமை மகனோடு ஒரு சுற்று போய்வர உங்களுக்கு அவ்வளவு வேகம் எதற்கு?

கடலில் ஓடியதாலேயே வண்டி கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் குழாயைச் செருகி நல்ல தண்ணீரால் உள்ளே கழுவி ஃப்ளஷ் செய்திருந்தால் கடல் வண்டியும் நன்றாகவே இருக்கும். சீ-டூவின் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் கூலன்ட் தனிச் சுற்றில் ஓடுவதால் கடல் தண்ணீர் பிளாக்குக்குள் போகாது, ஆனால் எக்ஸாஸ்ட் வழியாகப் போகும். யமஹாவிலும் கவாஸாகியிலும் வெளித்தண்ணீரே இன்ஜினைக் குளிர்விக்கிறது. ஆகவே உங்கள் யமஹா ஏரி வண்டி என்பது பெரிய அனுகூலம்.

ஃப்ளஷ் செய்வதை வைத்து ஓனரையே எடைபோடலாம். எப்படிச் செய்வீர்கள், காட்டுங்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். சரியாகத் தெரிந்தவர் முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வார், உடனே குழாயைத் திறப்பார். முடிக்கும்போது குழாயை மூடி, த்ராட்டிலை இரண்டு மூன்று தடவை லேசாகத் தட்டி உள்ளே தேங்கிய தண்ணீரைத் துப்பவைத்து, அதற்கப்புறம்தான் இன்ஜினை நிறுத்துவார். இந்த வரிசை தலைகீழானால், தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் அழுத்தம் இருக்காது, அது பின்பக்கமாக ஏறி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். முதலில் குழாயைத் திறந்துவிட்டு நிதானமாகச் சாவியைத் தேடுகிறவர் இத்தனை வருடமும் அப்படித்தான் செய்திருப்பார்.

யமஹாவைப் பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் சீட்டைக் கழற்றி இன்ஜினில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள்: பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். போல்ட் தலைகளிலும் ஒயர் முனைகளிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏரி என்று சொன்னது பொய்யாக இருக்கலாம். உள்ளே எல்லாம் ஸ்ப்ரே அடித்து மின்னுகிறது என்றாலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சம் பார்க்காதீர்கள். எல்லா சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று 10 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

பிறகு டார்ச்சோடு பின்பக்கம் குனிந்து ஜெட் பம்ப்புக்குள் பாருங்கள். தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறியான இம்பெல்லரின் விளிம்பு மடங்கியோ பிய்ந்தோ இருக்கிறதா, அதைச் சுற்றியுள்ள வளையத்தில் ஆழமான கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லையோ மணலையோ இழுத்த வண்டியில் இவை தெரியும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இது மாற்றக்கூடிய பாகம்தான், விலையில் கழித்துக்கொள்ளலாம். அடியில் இருக்கும் கீறலும் அப்படியே. விரல் நகம் மாட்டாத கீறலை மறந்துவிடுங்கள். உள்ளே ஃபைபர் இழை தெரிந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் நிறம் மாறியிருந்தாலோ அங்கே அடிபட்டு ஒட்டியிருக்கிறார்கள். கிழிந்த சீட் ஒரு விஷயமே இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் தண்ணீரில் இறக்கி அரை மணி நேரம் ஓட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். குழாயைச் செருகி ஸ்டார்ட் செய்து காட்டுவது இன்ஜின் சுற்றுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். பம்ப் பிடிக்கிறதா, பாரம் ஏறும்போது ஆர்பிஎம் முழுசாக ஏறுகிறதா, சூடு அலாரம் அடிக்கிறதா, ஹல்லுக்குள் (வண்டியின் அடி உடலுக்குள்) தண்ணீர் கசிகிறதா, எதுவும் அதில் தெரியாது. ஓட்டிவிட்டு வந்ததும் மறுபடி சீட்டைக் கழற்றி அடித்தட்டைப் பாருங்கள். கொஞ்சம் ஈரம் பரவாயில்லை, குளம் கட்டியிருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். ட்ரெய்லர் சரியில்லை என்பவரிடம், வாடகை ட்ரெய்லருக்கு நான் பணம் தருகிறேன், இறக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் சாக்கு வந்தால் விட்டுவிடுங்கள். இன்னொரு ஆள் வாங்கிக்கொள்ளட்டும்.

ஹல்லில் பொறித்திருக்கும் எண் பதிவுத்தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா, வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சாவிகள் எல்லாம் வருகின்றனவா என்றும் கேளுங்கள். ட்ரெய்லரின் டயர், பேரிங், விளக்கு மூன்றையும் விட்டுவிடாதீர்கள். ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கி இறக்கி பேரிங்தான் முதலில் போகும். மூன்று பேர் உட்காரும் வண்டி 350 கிலோ அளவில் இருக்கும், அதை எங்கே நிறுத்துவீர்கள், எதில் கட்டி இழுப்பீர்கள் என்று இப்போதே யோசித்துவிடுங்கள். வருடத்துக்கு நாலு தடவைதான் போக முடியும் என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது. இல்லையென்றால் உங்கள் வண்டியும் சும்மா கிடக்கும்.

மகனைப் பற்றி. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்ட வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள், சட்டமும் பல இடங்களில் வயது வரம்பு வைத்திருக்கிறது. அவன் மூன்று வருடம் உங்கள் பின்னால் உட்காரட்டும். இந்த வண்டி திரும்புவதே பின்னால் பீய்ச்சும் தண்ணீரால்தான், த்ராட்டிலை விட்டால் திரும்பும் சக்தியும் போய்விடும். எதிரில் ஏதாவது வந்தால் பயத்தில் முதலில் த்ராட்டிலைத்தான் விடுவோம், வண்டி நேராகப் போய் மோதும். பெரியவர்களே இதற்குக் கையைப் பழக்க வேண்டியிருக்கிறது. பின் சீட்டில் இருப்பவர் சறுக்கிப் பின்பக்கமாக விழுந்தால் ஜெட் தண்ணீர் உடம்புக்குள் பாய்ந்து மோசமான உள்காயம் ஏற்படும். நீச்சல் டிரவுசர் அதைத் தடுக்காது. ஆகவே வண்டி பட்ஜெட்டிலேயே இரண்டு பேருக்கும் லைஃப் ஜாக்கெட்டும், இடுப்புக்குக் கீழே மூடும் வெட்சூட் என்ற தடித்த ரப்பர் உடையும் வாங்கப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

யமஹாவின் கம்ப்ரெஷன் எண்கள் கிடைத்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.