பீஜ் சுவர் அழுக்காகத் தெரிகிறதா? வெள்ளையை மாற்றிப் பாருங்கள்

பீஜ் (வெளிர் மணல் நிறம்) பெயிண்ட் புதிதாக அடித்தும் சுவர் அழுக்காகத் தெரிகிறது, கதவுக்குக் கரும்பச்சை பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். சுவரை மறுபடி அடிக்க வேண்டாம். ஜன்னல் சட்டத்திலும் கூரை ஓரத்திலும் உள்ள பளிச் வெள்ளையைக் கிரீம் கலந்த வெள்ளையாக மாற்றினால் போதும். நீங்கள் கேட்ட கரும்பச்சைக் கதவு, பீஜ் மஞ்சள் சாயலாக இருந்தால் நன்றாகப் பொருந்தும்.

புது பெயிண்ட் அடித்தும் சுவர் மங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அந்த வெள்ளைதான் காரணம். நீலச் சாயல் கொண்ட வெள்ளைக்குப் பக்கத்தில் பீஜ் பழையதாகத் தெரியக்கூடும்.

சாயலைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் தள்ளி நின்று பாருங்கள். சுவர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சையை விட்டுவிடுங்கள். அது அந்தச் சிவப்பை இன்னும் தூக்கிக் காட்டும். கருநீலமோ கரிச் சாம்பலோ பாதுகாப்பான தேர்வு. அப்புறம், கடையில் தரும் நிற அட்டையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பலகையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு காலையிலும் மாலையிலும் சுவரோரம் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: கதவில் நேரடி வெயில் விழுமானால் அடர் நிறம் சூட்டை அதிகம் இழுக்கும். மரக்கதவு வளையலாம், பெயிண்டும் சீக்கிரம் வெடிக்கலாம். அப்படியானால் அதே நிறத்தில் ஓரிரு படி வெளிறியதை எடுங்கள்.